வால்வு வைத்த முகக்கவசம்

எங்கள் அலுவலகத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை விற்பதற்காகக் கும்பகோணத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். எத்தனையோ கட்டமாகச் சுத்தமாகுமாம், தாதுச்சத்து சேருமாம், தண்ணீர் தயாரானதும் பச்சை விளக்கு எரியுமாம். நாங்கள் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். பீரோ ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார்.

“நல்லா இருக்கறப்ப என்ன பண்ணும்னு சொல்லிட்டீங்க. கெட்டா என்னங்க பண்ணும்?”

“இது கெடாது சார். வாரண்டி இருக்கு.”

“அது சரிங்க. கெட்டுப்போச்சுன்னா நின்னுடுமா? இல்ல, கெட்ட தண்ணியையே பச்சை லைட்டப் போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்குமா?”

வந்தவர் பையைத் திறந்து ஒரு புத்தகத்தைப் புரட்டினார். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர், போனவர்தான். அந்த அலுவலகத்தில் இன்றைக்கும் கேன் தண்ணீர்தான்.

கேள்வி கேட்டவருக்கு ஆபீசில் ‘கோளாறு’ என்று பெயர் வைத்திருந்தோம். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை. உண்மைப் பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

அது ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்பதும் வேண்டாம். காரைக்கால் பக்கம் ஆற்றிலோ கடலிலோ குளத்திலோ யாராவது விழுந்துவிட்டால் எங்களைக் கூப்பிடுவார்கள் என்பது தெரிந்தால் போதும். தண்ணீருக்குள் இறங்குவதற்கு இரண்டே பேர் இருந்தார்கள், அவர் ஒருவர். வேலை என்ன என்று யாராவது கேட்டு அவர் “டைவர்” என்றால், “எந்த வண்டி ஓட்டுறீங்க?” என்பார்கள். திருத்திச் சொல்லிச் சலித்துப்போய், கடைசியில் ஜீப் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் மீனவர் வீட்டுப் பிள்ளை இல்லை. போலகத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம், நெல் விவசாயக் குடும்பம். அப்பா காலமெல்லாம் வயலில் நின்றவர்.

நான் அங்கே ஸ்டோர் கிளார்க். தருமபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். எம்.ஏ. தமிழ் படித்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த எம்.ஏ.தான் காரணம்.

அவரோடு பழகுவது சுலபமில்லை. ஒரு சக ஊழியர் வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள், அவர் அண்ணாந்து தொட்டில் மாட்டிய கொக்கியைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டாரா, “இது வாய் தொறந்துச்சுன்னா கயிறு எந்தப் பக்கம் நழுவும்?” என்று குழந்தையின் தாத்தாவிடம் கேட்டார். பெரியவருக்கு முகம் செத்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு பேச்சா என்று எனக்கும் எரிச்சல். ஆனால் நான் கிளம்பும்போது கவனித்தேன், வேறு கொக்கி மாட்டியிருந்தார்கள்.

என் நாத்தனார் மகளுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு வங்கி வேலை, கெட்ட பழக்கம் கிடையாது, ஜாதகமும் பொருந்திவிட்டது. பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த கோளாறிடம் வாய் சும்மா இல்லாமல் இதைச் சொல்லித் தொலைத்தேன்.

“கோவம் வந்தா என்னக்கா பண்ணுவாரு?”

“ஏங்க, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?”

“நல்லா இருக்கறப்ப எல்லாரும் நல்லவங்கதான்க்கா. கெட்டா என்ன பண்ணுவாருன்னுதான் கேக்கணும்.”

திட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டது. சுற்றி வளைத்து, மாப்பிள்ளையின் பழைய வீட்டுக்காரர் வரைக்கும் ஆள் விட்டு விசாரித்தோம். கோபம் வந்தால் மூன்று நாள் யாரோடும் பேசமாட்டாராம், அவ்வளவுதான். கேள்வி கேட்டவரிடம் போய்ச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப தாராளமா முடிங்கக்கா. கெட்டா நின்னுடற ரகம். கெட்டும் ஓடிக்கிட்டே இருக்கறதுதான் ஆபத்து.”

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இன்றைக்கும் மாதம் ஒருமுறை மூன்று நாள் பேசாமல் இருக்கிறார். மற்றபடி நன்றாக இருக்கிறார்கள்.

தண்ணீருக்குள் போட்டுக்கொண்டு இறங்கும் மாஸ்க்கைப் பற்றி அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நான் ஸ்டோருக்கு வந்த புதிதில், சென்னையிலிருந்து ஏஜென்ட் ஒருவர் இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, சுற்றிலும் மெத்தென்ற சிலிக்கான். ஒன்றில் மட்டும் மூக்குக்குக் கீழே காசளவு வட்டமாக ஒரு வால்வு இருந்தது. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதினால் போதும், அந்த வால்வு திறந்து தண்ணீர் வெளியே போய்விடும், கையே படவேண்டாம் என்றார் ஏஜென்ட். வால்வு இல்லாததில் அப்படி இல்லை. தலையைத் தூக்கி, மாஸ்க்கின் மேல் விளிம்பைக் கையால் அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதவேண்டும். விலையும் பெரிய வித்தியாசம் இல்லை. வால்வு உள்ளதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் பட்டது.

கூட நின்று பார்த்துக்கொண்டிருந்த கோளாறு வால்வு உள்ளதை எடுத்து, அந்த வட்டத்தை விரல் நகத்தால் லேசாகத் தூக்கிக் காட்டினார். உள்ளே வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய ரப்பர்.

“இந்தத் தோலுக்கு அடியில ஒரு மண்ணு, ஒரே ஒரு மண்ணு மாட்டுச்சுன்னா மூடாதுக்கா. அப்பறம் ஊதினாலும் தண்ணி உள்ள வந்துக்கிட்டே இருக்கும். நம்ம அரசலாறு முகத்துவாரம் பூரா மண்ணு. அடியில உக்காந்து ரிப்பேரா பாக்க முடியும்?”

“இல்லாததுலயும்தான் தண்ணி பூருது.”

“பூரும். ஆனா அது என் மூஞ்சியால வர்ற கோளாறு. எனக்குத் தெரிஞ்ச கோளாறு.”

அவர் முகத்தில் என்ன கோளாறு என்றால், மீசை. ஆள் ஒல்லி, மீசை மட்டும் கனம். மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு மேல் உதட்டில் தோலோடு ஒட்டவேண்டும், நடுவில் முடி இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் நூல் பிடித்தமாதிரி வந்துகொண்டே இருக்கும். இன்னொரு டைவர் மழுமழுவென்று சிரைத்துக்கொண்டு வருவார், அவருக்கு ஒரு சொட்டு வராது. இவர் வாசலினை அப்பிக்கொண்டு இறங்குவார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி, விளிம்பை அழுத்தி ஊதிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பல வருடம் அப்படியே ஓடியது. மற்றவர்களின் தொட்டில் கொக்கியைக்கூட விடாத மனிதர் தன் மீசையை மட்டும் எப்படி விட்டுவைத்தார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

கரோனா இரண்டாவது அலை அடங்கிய மார்கழியில் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் அடியில் சுழலும் காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டது. இறங்கி அறுத்தார். இரண்டு கையும் வலைக்குள் இருந்தபோது மாஸ்க் நிரம்பி மூக்கில் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே மேலே வந்தார், முகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டார்: மீசையை எடுக்கும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது.

மறுநாள் ஸ்டோருக்கு வந்தார்.

“அக்கா, வால்வு வெச்ச மாஸ்க் ஒண்ணு வாங்கணும்.”

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

“மண்ணு மாட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“மாட்டும்தான். மாட்டுனா மேல வந்துடறேன். ரெண்டு கையும் வேலையில இருக்கறப்ப ஊதுறதுக்கு அது ஒண்ணுதான் வழி. அது இருந்தா மீசையோட எறங்கலாம்னு அதிகாரியும் ஒத்துக்கிட்டாரு.”

“அதுக்கு மீசைய எடுத்துட்டுப் போறதுதானே. என்ன பெரிய ராஜா மீசையா?”

“அப்பா இருக்காருக்கா.”

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அப்பா உயிரோடு இருக்கிறவன் கோயிலில் மொட்டை போட்டால்கூட மீசையை விட்டுவிடுவான். அதை எடுக்கிற நாள் ஒன்றே ஒன்றுதான், அப்பாவுக்குக் காரியம் செய்கிற நாள்.

“அவருக்கு இப்ப எல்லாம் கலந்துபோச்சுக்கா,” என்றார். “நேத்து நடந்ததும் நாப்பது வருஷத்துக்கு முன்ன நடந்ததும் ஒண்ணாத் தெரியுது. என் கல்யாணத்துக்கு இன்னும் பந்தக்கால் நடலன்னு காலையில சத்தம் போட்டாரு. மீசை இல்லாம நான் போயி முன்னால நின்னா அவரு என்ன ஆவாருன்னு எனக்குத் தெரியல. தெரியாததப் பண்ண மாட்டேன்.”

ஆக, விஷயம் இவ்வளவுதான். வால்வு வந்தால் மீசையும் இருக்கும், வேலையும் இருக்கும். அதை வரவழைக்கவேண்டியது நான்.

அந்த நேரத்தில்தான் கோப்புகளைத் தமிழில் எழுதவேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மற்ற கிளார்க்குகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை, இத்தனை வருடம் கழித்து என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கூபா மாஸ்க் என்று கொச்சையாக எழுதுவேனா? ‘வால்வுடன் கூடிய முகக்கவசம்’ என்று எழுதினேன். ‘முக்குளிப்போருக்கான’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்திருக்கலாம். பிரிவின் பெயர் தாளின் தலையிலேயே இருக்கிறதே, கூறியது கூறல் குற்றமாயிற்றே என்று விட்டுவிட்டேன். கோப்பு புதுச்சேரிக்குப் போனது. காரைக்காலில் ஒரு குண்டூசி வாங்கவேண்டும் என்றாலும் கோப்பு தமிழ்நாட்டைத் தாண்டிப் புதுச்சேரி போய்த்தான் வரவேண்டும்.

பொங்கலுக்கு முன்னால் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்தது, கூடவே ஒரு கடிதம். வால்வு வைத்த முகக்கவசங்கள் கரோனா தொற்றைத் தடுக்காது, அவற்றைத் தவிர்க்கவேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது, அதை அறியாமல் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே வால்வு இல்லாத முகக்கவசங்கள் அனுப்பப்படுகின்றன என்று எழுதியிருந்தார்கள். பெட்டி நிறைய வெள்ளைத் துணி மாஸ்க், காதில் மாட்டுவது.

அவர் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு வழக்கம்போல விசாரணைக்கு வந்தார்.

“எழுதுனதுல கோளாறா, படிச்சதுல கோளாறா?”

“படிச்சவனுக்கு அறிவில்ல,” என்றேன்.

சொன்னதோடு நில்லாமல் அதை நிரூபிக்கவும் உட்கார்ந்துவிட்டேன். முகக்கவசம் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன, அது எந்தெந்த இடத்தில் எப்படி வரும், நீர்மீட்புப் பிரிவு கேட்டால் எதைக் கேட்டதாகக் கொள்ளவேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அங்கேயும் ஒரு தமிழ் எம்.ஏ. இருந்திருக்கவேண்டும், மூன்று பக்கத்தில் பதில் வந்தது. நான் விடுவேனா. இப்படியே பதினைந்து நாள் போனது. ஒரு போன் செய்து, ‘அம்மா, தண்ணிக்குள்ள போட்டுக்கறதும்மா’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். செய்யவில்லை. அவர் தினமும் காலையில் வந்து கதவோரம் நின்று, “வந்துச்சாக்கா?” என்பார். வரவில்லை என்பேன். போய்க் கயிறுகளை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருப்பார்.

தை மாதம் ஒரு நாள் காலை, அலுவலகம் திறந்ததும் தகவல் வந்தது. கடலிலிருந்து திரும்பிய விசைப்படகு ஒன்று முகத்துவாரத்தில் மணல்திட்டில் தட்டிக் கவிழ்ந்துவிட்டது. மற்றவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். சமையல் செய்கிறவர் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டார். செத்திருப்பார் என்றுதான் நினைத்தார்களாம். ஆனால் கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தில் ஏறி நின்று தட்டியபோது உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

சிலிண்டர்களையும் சாமான்களையும் ஜீப்பில் ஏற்றினோம். பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் சாமான் வெளியே போகக் கூடாது என்பதால் நானும் எப்போதும் ஏறிக்கொள்வேன். அந்த அட்டைப்பெட்டியும் ஜீப்பின் பின்னால் கிடந்தது, முந்தின நாள் திருப்பி அனுப்ப ஏற்றி, அப்படியே மறந்துவிட்டிருந்தோம். கரையில் ஒரே கூட்டம். இன்னொரு டைவர் காதில் சீழ் வைத்துப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார், அவர் இறங்க முடியாது.

அதிகாரி ஓடிவந்தார். “மீசைய அப்பறம் பாத்துக்கலாம். நீங்க எறங்குங்க. நான் சொல்றேன், எறங்குங்க.”

அவர் அசையவில்லை. நீந்தி வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வலை எங்கே இருந்தது, கேபின் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கதவை வலை மூடிக்கொண்டிருக்கிறதா. மூடித்தான் இருக்கிறது என்றார்கள். பிறகு அதிகாரியிடம் திரும்பினார்.

“ரெண்டு கையாலயும் வலைய அறுத்துக்கிட்டே போவணும் சார். பாதியில மூக்குல தண்ணி ஏறுச்சுன்னா நான் மேல வந்துடுவேன். எனக்கு ஒண்ணும் ஆவாது. உள்ள தட்டிக்கிட்டு இருக்காரே, அவரு என்ன பண்ணுவாரு?”

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“வால்வு வரலல்லக்கா?”

“வரல,” என்றேன்.

கரையோரப் பெட்டிக்கடையில் அட்டையில் தொங்கிய ரேசரில் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்தார். ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, உப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்துச் சிரைத்தார். சோப்பு இல்லை. இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. கூட்டத்தில் நின்ற ஒரு பெண், “ஐயோ, அப்பாரு இருக்காருல்ல இந்தப் புள்ளைக்கு?” என்றாள். யாரோ அவளை அடக்கினார்கள். ஆண்கள் சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். மீசை போன பிறகு அது யாரோ ஒருவர் முகம், பத்து வயது குறைந்து, உதடு வெளிறி. என்னால் பார்க்க முடியவில்லை. பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன், அன்றைக்கு மட்டும் கையெழுத்து வாங்கவில்லை.

இறங்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் கடிகாரம் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டிய கயிறு மட்டும் விட்டு விட்டு அசைந்துகொண்டிருந்தது. ஒரு தடவைகூட மேலே வரவில்லை. கடைசியில் இரண்டு தலைகள் தெரிந்தன. சமையல்காரர் உயிரோடு இருந்தார். கரையில் போட்டதும் வாந்தி எடுத்துவிட்டு, முதல் வேலையாகத் தன் செல்போன் எங்கே என்று கேட்டார். கூட்டம் கைதட்டிக் கூச்சல் போட்டது. நானும் வெட்கமில்லாமல் கத்தினேன்.

எல்லாக் கையிலும் போன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, “மூஞ்சிய எடுக்காதீங்க, தயவுசெஞ்சு எடுக்காதீங்க,” என்று கெஞ்சினார். ஜீப்புக்குள் வந்து உட்கார்ந்ததும் அந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தார். வெள்ளை மாஸ்க் ஒன்றை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

“மீசை வளர்ற வரைக்கும் இதுதான்க்கா,” என்றார். “அப்பாகிட்ட கரோனான்னு சொல்லிக்கறேன்.”

மறுநாள் புதுச்சேரிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் பேசிய அம்மாள், “அடடா, அதுவா? இதை அப்பவே சொல்லியிருக்கலாமே,” என்றார். நான்காம் நாள் பார்சல் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூக்குக்குக் கீழே வட்டமாக வால்வு, பளபளவென்று இருந்தது. எனக்குத் தூக்கி எறியலாம்போல் ஆத்திரம் வந்தது.

அவர் விடுப்பில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். பொருளைக் கொடுக்கப் போகிறேன் என்பது சாக்கு. தப்பு படித்தவனுடையது இல்லை, எழுதிய என்னுடையதுதான் என்று சொல்லிவிடத்தான் போனேன். வழியெல்லாம் வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு மறித்திருந்தார்கள்.

வாசலிலேயே அவர் வந்துவிட்டார். வீட்டுக்குள்ளும் மாஸ்க்தான். பார்சலை வாங்கிப் பிரித்தார். வால்வை விரலால் ஒருமுறை தடவிவிட்டு மூடி அலமாரியில் வைத்தார். ஒரு பொருளைக் கையில் வாங்கி அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் மனைவி என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். “நீங்களாவது சொல்லுங்கக்கா. ரெண்டு நாளா மாமா சோத்துல கை வெக்கல. இவரு தெனம் அவரு கூட ஒக்காந்துதான் சாப்புடுவாரு. இப்ப மாஸ்க்க எடுக்க முடியாதுன்னு கொல்லையில போயி சாப்புடறாரு. புள்ள பட்டினி கெடக்கறான்னு நெனச்சுக்கிட்டு அவரும் தொட மாட்டேங்கறாரு.”

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர் இருந்தார். முன்னால் ஸ்டூலில் தட்டு, சோறு ஆறிக் காய்ந்துபோயிருந்தது.

“வாடா. ஒக்காந்து சாப்புடு,” என்றார் மகனிடம்.

“நான் சாப்புட்டேம்ப்பா. நீங்க சாப்புடுங்க.”

“நான் பாக்கல. எம் முன்னால தின்னு. அப்பறம் நான் திங்கறேன்.”

“கரோனாப்பா…”

“என்ன எழவோ இருக்கட்டும். எம் முன்னால தின்னு.”

அவர் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காதிலிருந்து மாஸ்க்கைக் கழற்றினார். மேல் உதட்டில் ஐந்து நாள் முடி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கத்துவார், மார்பைப் பிடித்துக்கொள்வார் என்று நான் பயந்து சுவரில் ஒட்டிக்கொண்டேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் வரவில்லை. ஏதோ மறந்துபோன கணக்கு நேராகிவிட்டது மாதிரி மெல்லத் தலையாட்டினார்.

“நான் எப்படா போனேன்?”

அவர் மாஸ்க்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அறுப்பு நேரமாச்சே. தூக்க ஆளு கெடைச்சுதா?”

உலகத்தில் எது கெட்டாலும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிற மனிதர் அப்பாவின் முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றார். பிறகு முழங்காலிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கெடைச்சுதுப்பா. ஊரே வந்துச்சு.”

“மொறையெல்லாம் ஒழுங்கா செஞ்சியா?”

“செஞ்சேம்ப்பா.”

“கொறை ஒண்ணும் இல்லையே?”

“இல்லப்பா.”

“அப்ப சரி.” பெரியவர் மூச்சு விட்டார். அப்போதுதான் சுவரோரம் நின்ற என்னைக் கவனித்தார். “இந்தம்மா யாரு? துக்கத்துக்கு வந்துருக்காங்களா?”

அந்த ஐந்து நாளாகச் சொல்ல நினைத்தது அப்படியே வந்துவிட்டது. அழுகையும் கூட வந்தது.

“ஆமாங்க,” என்றேன். “தப்பு என்னோடதுதாங்க. எல்லாம் நான் பண்ணுன தப்பு.”

மகன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பெரியவர் கையை நீட்டி, சும்மா இரு என்பதுபோல் ஆட்டினார்.

“அழுவாதம்மா. யாரு தப்பும் இல்ல. வயசாச்சு, போயிட்டேன். அவ்வளவுதான்.” பிறகு தட்டை மகன் பக்கம் நகர்த்தினார். “சாப்புடுடா. இன்னும் எத்தன நாளைக்குப் பட்டினி கெடப்ப?”

அவர் ஒரு வாய் எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே பெரியவரும் அதே தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தார். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சூடான சோறு எடுக்க அடுப்படிக்கு ஓடினாள். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்போல, நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.